எனக்கு வைத்த படையல்

ஏற்காடு,
9 ஜூன் 2025

இயக்குநர் திரு. சந்திரசேகர் அவர்களுக்கு,

சசிகலா எழுதிக்கொள்வது. எந்தச் சசிகலா என்று யோசிக்க வேண்டாம். ஆறு வருஷம் உங்களுக்குச் சோறாக்கிப் போட்டு, பத்து வருஷத்துக்கு முன்னால் சேலம் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த அதே சசிகலாதான். கோர்ட் வாசலில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு நீங்கள் சென்னைப் பஸ்ஸிலும் நான் குப்பனூர் வழிப் பஸ்ஸிலும் ஏறினோம். அதற்குப் பிறகு உங்களைப் பற்றி நான் எங்கேயும் வாய் திறந்ததில்லை.

இப்போது திறக்க வேண்டி வந்திருக்கிறது. நான் செத்துப்போய் மூன்று வாரமாகிறதாம்.

உங்கள் ‘இளமதி இல்லம்’ சீரியலில் கதாநாயகன் வீட்டு ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறீர்கள். செத்துப்போன முதல் மனைவி இளமதி என்று சொல்லி, மாலை போட்டு, சிவப்பு பல்பு எரியவிட்டிருக்கிறீர்கள். அது என் படம். நமக்குக் கல்யாணமான மறுவருஷம் எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் எடுத்தது. நான் சீரியல் பார்க்காதவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் சேனலில் சினிமா, டிவி செய்தியெல்லாம் வாசித்துக் கருத்துச் சொல்கிறவள். ஆனால் உங்கள் சீரியலை மட்டும் வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தேன். என் காபித்தூள் கடையில் கொட்டை வறுக்கிற குப்பாயிதான் வந்து சொன்னாள்.

“ஏனுங்க சசி, எங்கூட்டு மருமவ அழுதுட்டு உக்காந்திருக்காளுங்க. நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னு டிவில காட்டறாங்களாமா” என்றாள். சிரித்தேன். அன்று எட்டு மணிக்குப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. உங்கள் கதாநாயகன் படத்தின் முன்னால் நின்று “என்னை விட்டுட்டுப் போயிட்டியே” என்று கேட்கிறான். விட்டுவிட்டுப் போனது யார் என்று டிவிப் பெட்டிக்குள் கையை விட்டு அவனை உலுக்கத் தோன்றியது.

அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். தெரிந்துவிட்டது. “உசுரோட இருக்கற புள்ளைக்கு மாலை போட்டுட்டானே. வா சாமி, தலைக்குத் தண்ணி ஊத்திட்டு சேர்வராயன் கோயிலுக்குப் போலாம்” என்று விடிந்ததும் இழுத்துப் போனாள். அவளுக்கு எழுபது வயது. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். அதை நான் மறக்க மாட்டேன்.

உங்கள் போன் நம்பர் கிடைக்காததால் கடிதம் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். போனில் நீங்கள் குறுக்கே பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது. படத்தை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் எனக்கு உங்களிடம் ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
சசிகலா


சென்னை,
16 ஜூன் 2025

அன்புள்ள சசி,

பத்து வருஷத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஏற்காட்டுப் பனி முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நீ நன்றாக இருக்கிறாய் என்பதில் சந்தோஷம்.

நடந்தது சின்னத் தவறு. இளமதியாக ஃபிளாஷ்பேக்கில் நடிக்க வேண்டிய நடிகை கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட்டார். அவருக்கு ஒரு சினிமாப் படம் வெளிவரப் போகிறது. “செத்த மாதிரி வேணா படுக்கறேன், மாலை போட்ட போட்டோ மட்டும் வேணாம், அம்மா திட்டுவாங்க” என்றார். அன்றைக்கே ஷூட்டிங். ஆர்ட் டிபார்ட்மென்ட் உதவியாளர் ஜெயபிரகாஷ் என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கைக்குக் கிடைத்த ஒரு படத்தை எடுத்துப் பிரிண்ட் போட்டு மாட்டிவிட்டான். நான் கவனிப்பதற்குள் பல எபிசோடு எடுத்து முடித்தாயிற்று. இனி மாற்றினால் கன்டினியூட்டி போய்விடும். அந்த முகம் ஜனங்களுக்கும் பிடித்துவிட்டது. இளமதிக்கு என்று தனி ரசிகர்கள் இருக்கிறார்கள் தெரியுமா? நீ சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. செத்த மாதிரி நடித்தவரை எழுப்பி உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்போம். பூசணிக்காய் சுற்றி உடைப்போம். கெட்டது எதுவும் ஒட்டாது. உன் பெயரைச் சொல்லி நேற்று செட்டில் நானே உடைத்தேன். போட்டோ இணைத்திருக்கிறேன். அம்மாவிடம் காட்டு.

வாட்ஸப்பில் பதில் போடாமல் கடிதம் எழுதுவதைத் தப்பாக நினைக்காதே. உன்னிடம் சேனல் இருக்கிறது. இந்தக் காலத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மனுஷனின் பிழைப்பே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை இதைப் பேசிவிடாதே.

அன்புடன்,
சந்துரு


ஏற்காடு,
23 ஜூன் 2025

இயக்குநர் அவர்களுக்கு,

பூசணிக்காய்ப் படம் கிடைத்தது. நல்ல காய். அம்மாவிடம் காட்டினேன். “கொழம்பு வெச்சிருந்தா நாலு பேரு சாப்ட்ருப்பாங்க” என்றாள்.

கடிதத்தையும் போட்டோ எடுக்கலாம் என்பது உங்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. கவலைப்படாதீர்கள், எடுக்க மாட்டேன். நேற்று சேனலில் உங்கள் சீரியலைப் பற்றி நான்கு வார்த்தைதான் சொன்னேன். வில்லி இந்த மாதம் மூன்று முறை பாயசத்தில் விஷம் கலந்துவிட்டாள், ஒருவரும் ஒரு வாய் குடிக்கவில்லை, அந்த வீட்டில் பாயசமே பிடிக்காது போலிருக்கிறது என்றேன். அப்புறம் ஓடிடியில் வந்த படம், பாட்டுப் போட்டியில் நல்லாப் பாடின பெண்ணை வெளியே அனுப்பிய அநியாயம் என்று போய்விட்டேன். என் சேனலில் முகம் காட்டுவதில்லை. காபித்தூள் பாக்கெட் போடுகிற கையும் குரலும் மட்டும்தான். அதனால் இளமதியும் நானும் ஒன்று என்று இந்த மலைக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. அது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எடுத்த படம் என்றீர்கள். நேற்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். படத்தைச் சுற்றியிருக்கும் பிரேம் என் அப்பா ஐயாக்கண்ணு பலாப்பலகையில் செய்தது. கீழே இடது மூலை பிளந்து, அப்பாவே ஒரு தகரத்தை மடித்து ஆணி அடித்திருந்தார். அந்தத் தகரம் டிவியில் பளபளக்கிறது. அப்பா போய் நான்கு வருஷமாகிறது. அவர் கை பட்ட அந்த மூலையையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நீங்கள் சென்னைக்குப் போன அன்று பெட்டியில் வைத்து எடுத்துப்போன படம் அது. ஹார்ட் டிஸ்க்கில் பலாப்பலகை இருக்குமா? அது எங்கே இருந்தது, யார் எடுத்துக் கொடுத்தார்கள்? நேராகப் பதில் சொல்லுங்கள்.

சசிகலா


சென்னை,
1 ஜூலை 2025

சசி,

சரி, உண்மையைச் சொல்கிறேன். பழைய சாமான்களோடு அது என் வீட்டுப் பரணில் கிடந்தது. ஜெயபிரகாஷ் செட்டுக்குக் குத்துவிளக்கு வாங்க வீட்டுக்கு வந்தவன், பிரேம் நன்றாக இருக்கிறதே என்று எடுத்துப்போய்விட்டான். எங்கள் ஆட்கள் அப்படித்தான். இயக்குநர் வீடு என்றால் அவர்களுக்கு இன்னொரு கோடவுன். என் மாமியார் வீட்டு உரல்கூட இப்போது செட்டில்தான் இருக்கிறது.

இதைப் பெரிதாக்காதே. எனக்கு நல்ல நேரம் வந்துகொண்டிருக்கிறது. ஆகஸ்டு பத்தாம் தேதி சின்னத்திரை விருது விழா. சிறந்த இயக்குநர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. ஏற்காட்டு ஓட்டலில் ரிசப்ஷனில் நின்று சாவி கொடுத்துக்கொண்டிருந்தவன் மேடை ஏறப் போகிறேன். உனக்கு அதில் கொஞ்சமாவது பெருமை இருக்காதா?

வேண்டுமானால் ஒன்று செய்கிறேன். அடுத்த கதையில் உனக்கு ஒரு கௌரவ வேடம். காபித்தோட்டத்துக்காரி மாதிரி. யோசித்துச் சொல். ஆகஸ்டு வரை மட்டும் பேசாமல் இரு.

சந்துரு


ஏற்காடு,
21 ஜூலை 2025

சந்திரசேகர்,

இனி ‘அவர்களுக்கு’ கிடையாது. ‘நீங்கள்’ கிடையாது.

கௌரவ வேடம் தருகிறேன் என்றாய். எட்டு வருஷமாக உன் வீட்டுச் சுவரில் எனக்கு ஒரு வேடம் கொடுத்து வைத்திருக்கிறாயே, அதைவிடவா?

உன் ஜெயபிரகாஷ் ஒரு சினிமாச் செய்திச் சேனலுக்குப் பேட்டி கொடுத்திருக்கிறான். பாவம், உன்னைப் புகழ்வதாக நினைத்துக் கொடுத்திருக்கிறான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அது நெஜமாவே டைரக்டர் சாரோட மொத சம்சாரம் போட்டோங்க. ஏற்காட்டு மலை வளைவுல ஜீப் கவுந்து தவறிட்டாங்களாம். சார் வீட்டு பூஜை ரூம்ல எட்டு வருஷமா மாலையோட இருந்துச்சு. நாங்க கேட்டதும் கண் கலங்கித்தான் குடுத்தார். வெள்ளிக்கிழமை ஆனா பூஜைக்குத் திருப்பிக் குடுத்துடுவோம். சாரோட வைஃப் தீபிகா மேடம் பூ மாத்திக் கும்பிட்டப்புறம் சனிக்கிழமை காலைல போய் வாங்கிட்டு வருவேன்.”

மூன்று நாளாக எல்லாச் சேனலிலும் இதுதான் செய்தி. ‘மறைந்த மனைவியை மறக்காத இயக்குநர்’ என்று தலைப்பு. கீழே ஆயிரக்கணக்கில் கைகூப்பும் படம். ‘இந்தக் காலத்தில் இப்படி ஒரு கணவரா’ என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவளை நேரில் பார்த்தால் உட்கார வைத்துக் காபி கொடுத்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

ஆக பரண் இல்லை, பூஜை அறை. தவறு ஜெயபிரகாஷுடையது இல்லை. நான் செத்துவிட்டேன் என்று நம்பிய பிள்ளை, செத்தவள் வேடத்துக்கு என்னை எடுத்துப்போனான். அவன் சரியாகத்தான் செய்திருக்கிறான். மாலையைப் போட்டவன் நீ. எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே போட்டிருக்கிறாய்.

எந்த வளைவில் என்னைக் கவிழ்த்தாய்? கொட்டச்சேட்டுக்காரி சேலம் போவது குப்பனூர் வழியாக. மெயின் ரோட்டுக் கொண்டை ஊசி வளைவுப் பக்கம் நாங்கள் எதற்குப் போகிறோம்? ஆறு வருஷம் என்னோடு இருந்தவனுக்கு அதுகூட நினைவில்லை. கதை எழுதத் தெரியாதவன் கையில் சாவது பெரிய அவமானம்.

எனக்கு எது அதிகம் வலிக்கிறது என்று சொல்லட்டுமா? எனக்குக் காய்ச்சல் வந்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு ஷூட்டிங் கம்பெனி ஏரிக்கரையில் வந்திருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காதவன் நீ. செத்த எனக்கு வாராவாரம் பூ வைக்கிறாய். செத்தவள் மேல் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

நேற்று என் சேனலில் இந்தச் செய்தியையும் வாசித்தேன். குரல் நடுங்காமல் வாசித்தேன். “நம்ம ஏற்காட்டுப் பொண்ணுதானாமா. பாவம், யாரு பெத்த புள்ளையோ. இங்கத்திக்காரங்க யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க” என்றேன். குப்பாயியும் வாழவந்தியில் இருந்து கடைக்குக் கொட்டை கொண்டுவருகிற வேடியப்பனும் கமெண்டில் எழுதுகிறேன் என்று துடித்தார்கள். நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். எவ்வளவு நாளைக்குப் பிடித்து வைப்பேன் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சசிகலா உயிரோடு இருக்கிறாள் என்று உன் வாயால் உன் மனைவியிடம் சொல். ஊருக்குச் சொல்ல வேண்டாம், பத்திரிகைக்கு வேண்டாம். அவளிடம் சொன்னால் போதும். விருது விழாவுக்கு முன்னால் சொல்.

சசிகலா


சென்னை,
28 ஜூலை 2025

மதிப்பிற்குரிய சசிகலா,

நீங்கள் கோபப்படுவது நியாயம். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் ஒரு நிமிஷம் என் பக்கத்தையும் பாருங்கள்.

சென்னைக்கு வந்த புதிதில் வீடு கேட்டுப் போவேன். விவாகரத்து ஆனவன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். குடியா, அடியா, வேறு தொடர்பா என்று கண்ணாலேயே கேட்பார்கள். ஒரு நாள் ஏதோ எரிச்சலில் மனைவி தவறிவிட்டாள் என்றேன். அந்த வீட்டு அம்மா ‘சாப்பிட்டியாப்பா’ என்று கேட்டார். அன்றிலிருந்து அப்படியே சொல்லிக்கொண்டு போனேன். கம்பெனியில் அதே கதை. தீபிகாவின் அப்பா தயாரிப்பாளர். விவாகரத்து ஆனவனுக்குப் பெண்ணைக் கொடுத்திருக்கவே மாட்டார். ஒரு பொய்தான் சொன்னேன். அதன் மேல் ஒரு வீடு எழும்பிவிட்டது.

தீபிகா உங்களைத் தெய்வமாக வைத்திருக்கிறாள். சத்தியமாக மிகையில்லை. மூத்தாள் மனம் குளிர்ந்தால்தான் தன் குடும்பம் நிலைக்கும் என்று நம்புகிறாள். ஆடி வெள்ளியில் உங்களுக்குப் படையல் போடுவாள். வடை, பாயசம், புதுப் புடவை எல்லாம் உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அந்தப் புடவையை அப்புறம் அவளே கட்டிக்கொள்வாள். வீட்டில் என்ன நல்லது நடந்தாலும் ‘அக்கா பாத்துக்கறாங்க’ என்பாள். அவளிடம் போய் நான் என்னவென்று சொல்வது? அவள் என்னை விட்டுப் போவாள். மாமனார் சீரியலில் இருந்து தூக்குவார். ஏற்காட்டுக்குத் திரும்பி வந்து சாவி கொடுக்க எனக்கு வயதும் இல்லை.

விழா முடியட்டும். பொங்கலுக்குள் நல்ல நாள் பார்த்துப் பக்குவமாகச் சொல்கிறேன். அதுவரை உங்கள் சேனலில் முகத்தைக் காட்டிவிடாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

சந்திரசேகர்


ஏற்காடு,
12 ஆகஸ்ட் 2025

சந்திரசேகர்,

விருது வாங்கியதற்கு வாழ்த்து.

மேடையில் நன்றாக அழுதாய். கோப்பையை நெஞ்சோடு அணைத்து, மேலே பார்த்து, “இது என் சசிக்கு. அவ எங்கிருந்தாலும் பாத்துக்கிட்டு இருப்பா” என்றாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடையில் குப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடி பார்த்தேன். குப்பாயி, “நொம்ப நல்லா நடிக்கறாருங்க, இவரே ஈரோவா நடிக்கலாமுங்க” என்றாள். அடுத்த ஞாயிறு சேனலில் சொல்லிவிடுகிறேன். உனக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

பொங்கலுக்குள் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். உன் சீரியலில் வில்லியை அடுத்த வாரம் பிடித்துவிடுவோம் என்று சொல்லியே ஒன்றரை வருஷம் ஓட்டியவன் நீ. என்னிடமும் அதே வேலை. உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எதுவும் பிடிக்கவில்லை. அப்புறம் பஸ் ஏறிவிட்டேன். வெள்ளிக்கிழமை நீ விழா ஒத்திகையில் இருந்தாய். நான் உன் வீட்டு வாசலில் இருந்தேன்.

மணியை அடிக்கக் கை போய்ப் போய் வந்தது. அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தெருமுனை வரை நடந்தேன். உள்ளே சாம்பிராணி வாசம் வந்தது. எனக்குத்தான் அந்தச் சாம்பிராணி என்று நினைத்ததும் கால் தானாகத் திரும்பிவிட்டது.

தீபிகா கதவைத் திறந்தாள். தலைக்குக் குளித்து ஈரம் காயாமல் நுனியில் முடிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நேரே தெரிந்த அறையில் நான் மாலையோடு இருந்தேன். எனக்கு முன்னால் வாழையிலை. மாம்பழக் கலரில் பச்சைக் கரை போட்ட புடவை. நல்ல தேர்வு. நீ ஒரு நாளும் எனக்கு அந்த மாதிரி எடுத்துத் தந்ததில்லை.

அதற்கு மேல் எழுத மாட்டேன்.

அவள் என்னை அடையாளம் கண்டாளா, இல்லையா? அந்தப் படத்துக்கும் எனக்கும் நடுவே பதினைந்து வருஷம் இருக்கிறது. எனக்குக் கண்ணாடி வந்துவிட்டது, முன்பக்கம் நரைத்துவிட்டது. நான் யார் என்று சொன்னேனா, இல்லை காபித்தூள் விற்க வந்தவள் என்று சொன்னேனா? எதுவும் எழுத மாட்டேன். படையல் சாப்பாடு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். வடையில் உப்பு ஒரு கல் குறைவு.

நீ விருதோடு வீட்டுக்குப் போனபோது அவள் ஆரத்தி எடுத்திருப்பாள். சிரித்திருப்பாள். நீ இயக்குநர். ஒரு பார்வையில் இது நடிப்பு, இது நிஜம் என்று சொல்லிவிடுவேன் என்று எத்தனை பேட்டியில் சொல்லியிருக்கிறாய். இனி உன் வீட்டில் தினமும் பார்த்துச் சொல்.

சசிகலா


சென்னை,
3 செப்டம்பர் 2025

சசி,

தயவுசெய்து சொல்லிவிடு. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?

மூன்று வாரமாக நான் தூங்கவில்லை. அவள் எப்போதும் போலத்தான் இருக்கிறாள். சாப்பாடு போடுகிறாள், ஷூட்டிங்குக்குச் சட்டை தேய்த்து வைக்கிறாள். ஆனால் விருது வாங்கிய வாரத்தில் இருந்து ஒரு புதுப் பழக்கம். வெள்ளிக்கிழமை பூ மாற்றியதும் என்னைக் கூப்பிட்டு உன் படத்துக்கு முன்னால் நிறுத்துகிறாள். “அன்னிக்கு எப்படி நடந்துச்சுன்னு சொல்லுங்க. அக்காவும் கேக்கட்டும்” என்கிறாள். முதல் வாரம் ஏதோ சொன்னேன். கையைக் கூப்பி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரம் பதினாலாவது வளைவு என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. “போன வாரம் ஒம்போதுன்னு சொன்னீங்களே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மருந்து எத்தனை மணிக்குச் சாப்பிடணும் என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். ‘எனக்குத் தலை சுற்றுகிறது, விட்டுவிடு’ என்றேன். “பரவால்லைங்க, அடுத்த வாரம் நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க” என்று போய்விட்டாள்.

அந்த மாம்பழக் கலர் புடவையை அவள் கட்டவே இல்லை. எங்கே என்று கேட்டேன். “யாருக்குச் சேரணுமோ அவங்களுக்குக் குடுத்துட்டேன்” என்றாள். கோயிலுக்குக் கொடுத்தாளா? வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கா? கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

சீரியலில் இருந்து உன் படத்தை எடுத்துவிடலாம் என்று கம்பெனியில் பேசினேன். இளமதியால்தான் சீரியலே ஓடுகிறது, தொட வேண்டாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். செட்டுக்குப் போனாலும் நீ. வீட்டுக்கு வந்தாலும் நீ. நேற்று செட்டில் உன் படத்துக்கு எதிரே நிற்க முடியாமல் கேமராவைத் திருப்பி வைக்கச் சொன்னேன். ஜெயபிரகாஷ் வந்து, “சசி மேடம் ஞாபகமாங்க சார்?” என்று என் தோளைத் தொட்டான்.

மாமனாரிடம் அவள் சொல்லியிருக்கிறாளா? சொல்லவில்லை என்றால் ஏன்? தெரிந்திருந்தால் ஒருத்தி இப்படிச் சாதாரணமாக இருக்க முடியுமா? அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் கண்ணை மூடிக் கேட்கிறாளே, அந்த முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. நீ அன்று என்ன பேசினாய்? ஒரே வரி எழுது. ஆம், இல்லை. அது போதும். உன் காலில் விழுகிறேன்.

சந்துரு


ஏற்காடு,
8 செப்டம்பர் 2025

சந்திரசேகர்,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். பொய் சொல்ல மாட்டேன், படிக்க நன்றாக இருந்தது.

அவளுக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்கிறாய். நான் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மலை மேல் இருக்கிறேன். அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள். எழுந்து போய்க் கேள்.

நீ கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்றால், நீ கேட்ட உடனே தெரிந்துவிடும். அதனால் நீ வாயைத் திறக்காமல் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, நான் எந்த வளைவில் செத்தேன் என்று சரியாக நினைவு வைத்துச் சொல்ல வேண்டும். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். நீ தப்பாகச் சொன்னால் திருத்துவாள்.

அதில் இருந்து வெளியே வர ஒரு வழிதான் இருக்கிறது. எப்படிச் சுற்றி வளைத்துப் பேச்சை ஆரம்பித்தாலும் அவளிடம் நீ சொல்ல வேண்டிய முதல் வார்த்தை ஒன்றுதான். சசிகலா உயிரோடு இருக்கிறாள். ஜூலையில் நான் உன்னிடம் கேட்டதும் அதை மட்டும்தான். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும்.

வாராவாரம் யோசித்துப் பார். உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது சொல். நான் உன்னை இனி அவசரப்படுத்தப் போவதில்லை. செத்தவளுக்கு என்ன அவசரம்.

சசிகலா